நார்த்தங்காய்ப் பரணியும் நாலாவது கட்டமும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தை எதுவும் என் கைவசம் இல்லை. எனக்குத் தெரிந்தது வாந்தி. தலையில் கருவியை மாட்டிக்கொண்டு இல்லாத உலகத்துக்குள் போய் விளையாடுகிறார்களே, அந்த ஆட்டங்களை அவை தவழ ஆரம்பித்த காலத்திலிருந்து சோதித்துப் பார்த்தவள் நான். பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் என் கண்ணெதிரே வாயைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டு அப்புறம் வாருங்கள், எனக்கு அவசரம் இல்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் திருவனந்தபுரம் கரமனையில் ஆற்றை ஒட்டிய தெரு ஒன்றில் மாடியை வாடகைக்கு எடுத்து எங்கள் கம்பெனி நடந்துகொண்டிருந்தது. மொத்தம் ஒன்பது பேர். கீழே ஜவுளிக்கடை. முதலாளி வலியசாலைக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவரை நாங்கள் சார் என்போம். அவர் என்னை மாமி என்பார். "ஆபீஸ்ல மாமின்னு கூப்பிடக் கூடாது" என்று ஒரு நாள் கண்டிப்பாகச் சொன்னேன். "சரி மாமி" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று தங்கள் ஊர் விளையாட்டுக் கூடங்களில் வைப்பதற்காக ஓர் ஆட்டம் செய்யச் சொல்லியிருந்தது. ஆடுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து கருவியை மாட்டிக்கொண்டால் கழுகின் முதுகில் ஏறி மலைப் பள்ளத்தாக்குகளில் பறக்கலாம். நாலு கட்டங்கள். அதைச் செய்து, ஆடிப் பார்த்து, யாருக்கும் தலைசுற்றல், குமட்டல் வரவில்லை என்று படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். படிவங்களுக்குப் பொறுப்பு நான். அந்த ஒரே வேலையை நம்பித்தான் ஒன்பது பேரும் இருந்தோம். அது கைவிட்டுப் போனால் மாடிச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

இன்று நீங்கள் மாட்டுகிற கருவிகள் லேசு. எங்களுடையது மூன்று லிட்டர் குக்கரைத் தலையில் கவிழ்த்தது போல இருக்கும். தலையைத் திருப்பினால் உள்ளே படம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். பறக்கிறோம் என்று கண் சொல்லும், நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்று காது சொல்லும். இரண்டுக்கும் நடுவே வயிறு தீர்ப்புச் சொல்லிவிடும். முதல் நாள் நான் ஐந்து நிமிஷம் தாங்கினேன். சார் புதிதாக வாங்கிப் போட்டிருந்த கால்மிதியை மறுநாள் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

அன்று வெளிறிப்போய் வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்து என் கணவர், ஏதோ பெரிய வைத்தியர் போல உள்ளே போய் ஒரு துண்டு உப்பு நார்த்தங்காயைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பேங்க் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்த காலம் அது. வேறு வேலை இல்லாமல் நார்த்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி, உப்பில் ஊற வைத்து, மொட்டைமாடியில் காயப் போடுவதையே ஓர் உத்தியோகமாக எடுத்துக்கொண்டிருந்தார். திருவனந்தபுரத்து மழைக்கும் அவருக்கும் நடந்த சண்டையைத் தனியாக எழுதலாம். மறுநாள், பரணி என்று நாங்கள் சொல்லும் பீங்கான் ஜாடி ஒன்று நிறைய ஆபீஸுக்குக் கொடுத்தனுப்பினார். கருவிக்குப் பக்கத்திலேயே மேஜையில் அதை வைத்தோம். ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு ஆடினால் குமட்டல் எட்டிப் பார்க்கவில்லை. நார்த்தங்காய்தான் அடக்கியதா, அந்தப் புளிப்பில் மனசு வேறு பக்கம் போனதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இங்கேதான் நாங்கள் மகா புத்திசாலித்தனமான ஒரு தப்பைச் செய்தோம். படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: ஆட்டத்துக்கு முன்னால் மருந்து ஏதாவது எடுத்துக்கொண்டீர்களா? ஏழு பேரும் 'இல்லை' என்று எழுதினோம். மனசறிந்து பொய் சொல்லவில்லை. நார்த்தங்காய் எப்படி மருந்தாகும்? அது தயிர்சாதத்துக்குத் துணை. எங்கள் தெருவில் யாரையாவது நிறுத்தி நார்த்தங்காய் மருந்தா என்று கேட்டால், கேட்டவரைத்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள். சுவரில் ஃபேன் சுற்றுவதைப் படிவத்தில் எழுதுவோமா? அது போலத்தான் பரணியும்.

ஏழு பேர் என்றேன். சார் ஆட மாட்டார், முதலாளி. ஒன்பதாவது ஆள்தான் இந்தக் கதை. அவள் பெயர் தங்கமணி. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். முப்பது வயதிருக்கும், பி.எஸ்ஸி படித்தவள். டைப்பிங்குக்கும் சோதனைக்கும் சேர்த்து மூன்று மாதம் பார்க்கிறோம் என்று எடுத்திருந்தோம். கரமனையில் ஹாஸ்டலில் தங்கி, சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் திரும்புவாள். சம்பளத்துக்காக ஊரில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அப்பா, அம்மா, படித்துக்கொண்டிருந்த தங்கை.

முதல் திங்கட்கிழமையே நாலாவது கட்டத்தில் வாந்தி எடுத்தாள். பரணியை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம் மேடம். சின்ன வயசுலருந்து பஸ்ல இதத்தான் வாயில போட்டு விடுவாங்க. இதோடயே வாந்தி எடுத்து எடுத்து, இப்ப வாசனை வந்தாலே வயித்தப் பெரட்டுது."

மலை பஸ்ஸில் வந்த அலுப்பு என்று நினைத்தேன். புதன்கிழமையும் எடுத்தாள். புதன்கிழமை அவள் எந்த பஸ்ஸிலும் வரவில்லை, ஹாஸ்டலிலிருந்து பொடிநடையாக நடந்துதான் வந்தாள். அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. படிவத்தில் அவள் இரண்டு வரி எழுதியிருந்தாள்: "தலை முன்னால் திரும்புகிறது, படம் பின்னால் வருகிறது. நாலாவது கட்டம், மூன்றாவது வளைவு." நான் அதைப் படித்தேனா? படித்தேன். வயிறு பலவீனமான பெண், காரணம் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவள் படிவத்தை உறையில் சேர்க்காமல் மேஜை டிராயருக்குள் போட்டேன். ஏழு படிவங்கள் சுத்தமாகப் போய்ச் சேர்ந்தன. அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் அப்படியே. சமாளித்துக் கொள்வாள் என்று மூன்று வாரம் பார்த்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை சாருக்குக் கையால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். 'வயிறு பலவீனம், இந்த வேலைக்கு ஏற்றவர் இல்லை, மாதக் கடைசியோடு நிறுத்திவிடலாம்.' அடியில் அழகாக ஒரு கையெழுத்து. அந்த வாரம் வியாழக்கிழமை வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் நேரில் வந்து ஆட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தருவதாக இருந்தது. வருகிற நேரத்தில் வாந்தி எடுக்கிற ஆள் கண்ணில் படக் கூடாது என்பதுதான் என் கவலை.

புதன்கிழமை காலை என் கணவர் காலிப் பரணியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏண்டி, உங்க ஆபீஸ்ல எல்லாரும் உண்டாயிருக்காளா என்ன?"

"என்ன பேச்சு இது?"

"இல்ல, கேக்கறேன். முதல் பரணி ரெண்டு மாசம் வந்தது. அடுத்தது ஒரு மாசம். இப்ப பத்து நாளைக்கு ஒண்ணு காலி. மசக்கைக்காரிகூட இத்தனை தின்ன மாட்டாள், கேட்டயா?"

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். முதல் இரண்டு கட்டங்கள் தயாரானபோது ஒரு பரணி இரண்டு மாதம் வந்தது. மூன்றாவது கட்டத்தில் ஒரு மாதம். நாலாவது கட்டம் வந்ததும் பத்து நாளைக்கு ஒன்று. ஆட்டம் மோசமாக ஆக ஆக நாங்கள் அதிகம் தின்றிருக்கிறோம். படிவத்தில் நாங்கள் எழுதாததை எல்லாம் பரணி எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. அதைப் படித்தவர் வீட்டில் நார்த்தங்காய் போடுகிற மனுஷர். சோதனைப் பிரிவுத் தலைவி நான்.

அன்று பரணி இல்லாமல் ஆபீஸுக்குப் போனேன். ஆறு பையன்களையும் வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்தேன். எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். "குழப்பமில்ல மேடம்" என்றார்கள். ஒரு கஷ்டமும் இல்லை என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு அது, தலைக்கு மேல் வெள்ளம் போனாலும் இதைத்தான் சொல்வோம். மத்தியானம் ஆவதற்குள் நாலு பேர் பாயை விரித்துப் படுத்திருந்தார்கள். நாலு பேரும் கவிழ்ந்த இடம் நாலாவது கட்டம், மூன்றாவது வளைவு.

ஒவ்வொருவனும் கவிழ்வதற்கு முன்பே வாளியோடு போய் நின்ற தங்கமணி இப்போது எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக அவளை உட்கார வைத்துப் பேசினேன்.

"இவங்க நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னுதானே சொன்னாங்க. உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது, வாளியோட முன்னாலேயே போய் நின்னியே?"

"கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க மேடம். வெக்கப்படுவாங்க. எங்க பஸ் கண்டக்டர் யாரையும் கேக்கவே மாட்டாரு. வாய் ஓயாமப் பேசிட்டு வந்தவங்க திடீர்னு பேச்ச நிறுத்துவாங்க. அப்புறம் ஒரு கொட்டாவி. ரெண்டாவது கொட்டாவிக்குள்ள அவங்கள எழுப்பி ஜன்னல் சீட்டுல உக்கார வச்சிருவாரு. அவரு பாத்தா தப்பாது."

தொழிலில் எனக்குக் கிடைத்த பாடங்களிலேயே பெரியது இதுதான். அதற்குக் காரணமான கண்டக்டரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் அவரைப் பார்த்ததும் இல்லை.

சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாமி, நாளைக்கு வரவனுக்கும் ஒரு துண்டு குடுத்துடலாம். விருந்தாளிக்கு நம்ம ஊர் வழக்கம்னு சொல்லிக்கலாம்."

"அப்புறம்? ஒவ்வொரு மெஷினோடயும் ஒரு பரணி கப்பல்ல ஏத்தறதா?"

"மாமா போட்டுத் தர மாட்டாரா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவரும் கேலி செய்யவில்லை. "எத்தனை பரணி வேணுமாம்?" என்று கேட்டு, மொட்டைமாடியில் இடம் போதுமா என்று பார்க்க எழுந்து போனார்.

இந்த இடத்தில், நான் உடனே நேர்மையின் பக்கம் நின்றேன் என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. ஒன்பது குடும்பம் என்று நினைத்தேன். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு துண்டு, அவர் ஒப்புதல் கொடுத்துவிட்டுப் போனபின் வளைவைச் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலை பரணியை நிரப்பி எடுத்துக்கொண்டும் போனேன். ஆபீஸில் பேனா தேடி டிராயரைத் திறந்தபோது தங்கமணியின் மூன்று படிவங்களும் மேலேயே கிடந்தன. மூன்றிலும் ஒரே இரண்டு வரி. உண்மையைச் சொன்ன ஒரே ஆளுக்கு வேலை போகப்போகிறது, பொய் சொன்ன ஏழு பேருக்குச் சம்பளம். எனக்கு வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் கூசுகிற வெட்கம்.

வந்தவர் ஆஜானுபாகுவான மனிதர், நல்ல பேச்சுக்காரர். கப்பலில் எல்லாம் போயிருக்கிறாராம், ஒரு நாளும் குமட்டியதே இல்லையாம். சார் சிரித்த முகத்தோடு பரணியைத் திறந்து நீட்டினார். நான் நடுவில் கையை விட்டு அதை வாங்கி மூடி, என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"மாமி, காலை வாராதீங்கோ" என்றார் சார் சிரிப்பு மாறாமல். விருந்தாளிக்குத் தமிழ் தெரியாது.

"வெறும் வாயோட ஆடட்டும்" என்றேன்.

அவர் கருவியை மாட்டிக்கொண்டார். தங்கமணி நாற்காலிக்குப் பின்னால் நீல வாளி ஒன்றைச் செய்தித்தாள் போட்டு மூடி வைத்துக்கொண்டு நின்றாள். முதல் கட்டத்தில் அவர் மலைகளைப் புகழ்ந்தார். இரண்டாவதில் தன் மகளைப் பற்றிச் சொன்னார். மூன்றாவதில் எங்கள் ஊர் மீன் குழம்பைப் பற்றி விசாரித்தார், கேட்டது என்னிடம். நாலாவது கட்டத்துக்குள் நுழைந்தார்.

"மேடம், பேச்சு நின்னுருச்சு" என்றாள் தங்கமணி மெதுவாக.

"ஆட்டத்துல லயிச்சுட்டான்" என்றார் சார். பிறகு ஆங்கிலத்தில் எல்லாம் சரியா என்று அவரைக் கேட்டார். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். குழப்பமில்லை என்பது எங்கள் ஊர்ச் சொத்து மட்டுமில்லை போலிருக்கிறது. உயர்த்திய கையாலேயே வாயை மறைத்துக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டார்.

என் கை சுவிட்சுக்குப் போனது. சார் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"ஒரே நிமிஷம் மாமி. கட்டம் முடிஞ்சுடும். உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

அவர் சொன்னது சரிதான். இன்னும் ஒரு நிமிஷத்தில் கட்டம் முடிந்திருக்கும். அந்த மனிதர் முடியும்வரை தாங்கியிருக்கலாம், வீம்புக்காரர், ஒப்புதலும் கொடுத்திருப்பார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கருவிக்குக் கீழே தெரிந்த தாடை வெள்ளைக் காகிதம் போல இருந்தது. இரண்டாவது கொட்டாவி வந்தது. சுவிட்சை அணைத்தேன்.

அவர் கருவியைக் கழற்றிவிட்டு, ஏன் நிறுத்தினீர்கள், நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது என்று கோபமாக ஆரம்பித்தார். வாக்கியம் முடியவில்லை. அதற்குள் நீல வாளி அவர் தாடைக்குக் கீழே இருந்தது. தங்கமணி அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். சார் ஜன்னல் பக்கம் போய் நின்று தெருவில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் முகம் கழுவி வந்த பிறகு ஏழு பேருடைய படிவங்களையும் மேஜையில் வைத்து, இவை எல்லாம் பொய் என்றேன். பரணியையும் பக்கத்தில் வைத்துக் கதையைச் சொன்னேன். பிறகு தங்கமணியின் மூன்று படிவங்களைக் கொடுத்தேன். அவர் அந்த இரண்டு வரிகளை இரண்டு தடவை படித்தார். இது எப்போது எழுதியது என்று கேட்டார்.

"முதல்ல எழுதி மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. நான்தான் அனுப்பல" என்றேன் ஆங்கிலத்தில். என் உத்தியோக வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான பதில் சொன்னதில்லை.

அவர் திட்டவில்லை. நாலாவது கட்டத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டுங்கள், இரண்டு மாதம் தருகிறேன் என்றார். தங்கமணியைக் காட்டி, இனிமேல் இந்தப் பெண்ணின் படிவம் முதலில் வரட்டும், மற்றவர்களுடையது அப்புறம் வந்தால் போதும் என்றார். கடைசியில் கொஞ்சம் தயங்கி, அந்தப் பரணியில் இருப்பது நிஜமாகவே வேலை செய்யுமா என்று கேட்டார். ஒரு துண்டு கொடுத்தேன். அதை வாயில் போட்டுக்கொண்டபோது கோணிய அளவுக்கு அவர் முகம் வாந்தி எடுத்தபோதுகூடக் கோணவில்லை. ஆனால் துப்பவில்லை, நல்ல வளர்ப்பு.

வேலை தப்பியது. சார் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் "மாமி, காபி" என்றார். அதைச் சமாதானமாக எடுத்துக்கொண்டேன்.

அதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாகச் சாரின் மேஜையிலிருந்து என் கடிதத்தை எடுக்கப் போனேன். கையால் எழுதியதோடு டைப் செய்த பிரதியும் இருந்தது. சார் எந்தக் காகிதம் வந்தாலும் படிக்காமல் டைப்பிங்குக்கு அனுப்பிவிட்டு, அது திரும்பி வந்ததும் என்னிடம் கையெழுத்துக்கு நீட்டுவார். நானும் திங்கட்கிழமை சாயங்காலம் படிக்காமல் போட்டிருக்கிறேன். எங்கள் ஆபீஸில் டைப் செய்கிறவள் ஒருத்திதான்.

இரண்டு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு தங்கமணியின் மேஜைக்குப் போனேன்.

"இதை நீயா டைப் பண்ணினே?"

"ஆமா மேடம். திங்கக்கெழமையே."

திங்கட்கிழமை. புதன்கிழமை அவள் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தது, எனக்குக் கண்டக்டரைப் பற்றிச் சொன்னது, வியாழக்கிழமை வாளியோடு நின்றது எல்லாம் இதற்குப் பிறகு. என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நான் பண்ணினது பெரிய தப்பு தங்கமணி. மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அவள் எதிரிலேயே இரண்டையும் கிழித்தேன்.

அவள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"இன்னொரு காப்பி எங்கிட்ட இருக்கு மேடம். உங்க கையெழுத்தோட ஜெராக்ஸ் எடுத்து வச்சிருந்தேன். ஊருல போயி அப்பாகிட்ட வாயால சொல்ல முடியாது, காட்டிரலாம்னு."

"அதையும் குடு, கிழிச்சுடறேன்."

"வேணாம் மேடம். அது எங்கிட்டயே இருக்கட்டும்."

நான் வற்புறுத்தவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை இருந்தது?

அவளைத்தான் இப்போது நீங்கள் தலைவி என்று கூப்பிடுகிறீர்கள். முதல் வாரம் உங்களை நாற்காலியில் உட்கார வைத்து எதிரில் நின்றுகொண்டு ஊர்க்கதை பேசுவாள். அன்பாகப் பேசுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள், உங்கள் பேச்சு எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கிறாள். அவளிடம் குழப்பமில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். பையில் நார்த்தங்காய் இருந்தால் வெளியே செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அவள் அறைக்குள் நுழைந்தால் கதவுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு ஒரு பழைய ஜெராக்ஸ் மாட்டியிருக்கும். வயிறு பலவீனம், இந்த வேலைக்கு ஏற்றவர் இல்லை என்று எழுதியிருக்கும். யார் அந்த முட்டாள் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்களாம், அவள் சிரிப்பதோடு சரியாம். அடியில் இருக்கும் கையெழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இந்தக் கட்டுரைக்குக் கீழே போட்டிருப்பதும் அதேதான்.